எறும்பு கடிச்ச மாதிரி

சைக்கிள் ஓட்டுகிறவர்கள் போடும் பஞ்சு வைத்த காற்சட்டையை முன்பின்னாக மாற்றிப் போட்டுக்கொண்டு, அதோடேயே நீர்த்தேக்கத்துக்குள் குதித்தவன் நான். பஞ்சு எதற்கென்று கடையில் கேட்க வெட்கமாக இருந்தது. மானத்தைக் காக்கத்தான் வைத்திருக்கிறார்கள் என்று நானே முடிவு செய்து, முன்பக்கம் வரும்படி மாட்டிக்கொண்டேன். அந்தப் பஞ்சு நாவுல ஊர்ப்பக்கத்து நீர்த்தேக்கத்தில் பாதியைக் குடித்துவிட்டது. கரையேறியபோது தொடைகளுக்கு நடுவே தொங்கிய மூட்டையை ஒரு கையால் தாங்கிப் பிடித்தபடி நான் சைக்கிளை நோக்கி ஓடியதை, தோட்டத்தில் கத்தரிக்காய் பறித்துக்கொண்டிருந்த சனங்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து பார்த்தார்கள். போதாததற்கு, சைக்கிள் ஓட்டி முடித்தபின் தலைக்கவசத்தைக் கழற்ற மறந்து, ஓட்டம் முழுவதையும் அதோடேயே ஓடினேன். கடைசி ஆளாக வந்தேன் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

முடிவுக் கோட்டில் எனக்காகக் காத்திருந்தது ஒரே ஒருவர். பிளாஸ்டிக் கதிரையில், வெள்ளைத் தொப்பியும் மடியில் ஒலிபெருக்கியுமாக உட்கார்ந்திருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி, இந்தப் போட்டியில நான் சந்தேகப்படாத ஒரே ஆளு நீங்கதான்."

"நன்றி மிஸ்ஸி."

"நன்றி வேணாம். களவு செய்யிறதுக்கும் கொஞ்சம் புத்தி வேணும்."

எங்கள் பக்கம் ஆஸ்பத்திரித் தாதிமாரை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். மாத்தளை டவுனில் பாதிப்பேருக்கு அவர் ஊசி போட்டிருக்கிறார். ஊசியைப் பின்னால் மறைத்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்பார். அந்தக் குரலைக் கேட்டால் குழந்தைகள் தாங்களாகவே கையை நீட்டும். குத்தியபிறகுதான் அந்த எறும்பு என்ன சாதி என்று தெரியும். ஓய்வு பெற்றபிறகு ஊசி போய்விட்டது. குரல் மட்டும் இருந்தது. அதை எங்கள் ட்ரையத்லன் கழகத்துக்குக் கொண்டுவந்தார்.

கழகம் என்று பெருமையாகச் சொல்கிறேனே தவிர, நீந்தி, சைக்கிள் மிதித்து, ஓடி, மத்தியானம் சோற்றுப் பார்சல் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போகிற ஒரு கூட்டம்தான் அது. பல் வைத்தியர், வங்கி முகாமையாளர், கடைக்காரர்கள், ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டங்களில் இருந்து சில இளைஞர்கள், போட்டோகொப்பிக் கடை வைத்திருக்கும் நான். ஒருவருக்கும் இதனால் சோறு கிடைக்கப் போவதில்லை. பரிசாகத் தருகிற கப்பைத் தட்டினால் பிளாஸ்டிக் சத்தம் வரும். அந்தக் கப்புக்காகத்தான் படித்தவர்கள் களவு செய்தார்கள். தண்ணீரில் ஆளைக் கண்காணிக்கப் படகு உண்டு. ஆனால் இருக்கிற தொண்டர்களையெல்லாம் படகில் ஏற்றிவிட்டால், லக்கலப் பக்கம் போகிற பாதையில் ஓட்டக்காரர்கள் திரும்பும் இடத்தில் நிற்க ஆள் இருக்காது. அங்கே ஒரு பழைய தார்ப்பீப்பாய். அதைத் தொட்டுவிட்டுத் திரும்பவேண்டும் என்பது சட்டம். பாதி வழியில் ஒரு புதருக்குப் பின்னால் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டுத் திரும்பினால் யாருக்குத் தெரியும்?

மிஸ்ஸிக்குத் தெரியும். தெரியாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

முதலில் பீப்பாயில் நீலக் கம்பளி நூல் துண்டுகளைக் கட்டித் தொங்கவிட்டார். ஆளுக்கொன்றைப் பிய்த்து மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு வரவேண்டும். வங்கி முகாமையாளர் நூலோடு வந்து சேர்ந்தார். மிஸ்ஸி அவர் கையைப் பிடித்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சேர், இது வான நீலம். நான் கட்டினது மாதா நீலம். எங்க கோயில் மாதா போட்டிருக்கிற அங்கிக்கு ஒப்பிட்டுப் பாத்து வாங்கினது. உங்களுக்கு இதை மாதா குடுக்கல்ல. டவுன்ல யாரோ குடுத்திருக்காங்க."

முகாமையாளர் வியர்வையில் சாயம் போயிருக்கும் என்றார். "சாயம் போனது நூல்ல இல்ல சேர்" என்றார் மிஸ்ஸி, ஒலிபெருக்கியில்.

ஓடிய தூரத்தைக் காட்டும் கைக்கடிகாரம் இப்போது எல்லோரிடமும் இருக்கிறதே, அதைப் பார்க்கலாமே என்று நான் ஒருநாள் கேட்டேன். "கடிகாரத்தைக் கழட்டி மோட்டார் சைக்கிள்ல போறவன்கிட்ட குடுத்தா அதுவும் ஓடும் தம்பி" என்றார். நூலையும் விட்டுவிட்டார். அதற்குப் பதிலாக ஒரு வேலை கண்டுபிடித்தார். ஒவ்வொரு போட்டியின்போதும் விடியற்காலையில் தனியாக ஆட்டோவில் போய், பீப்பாயில் ஏதாவது ஒரு பொருளை வைத்துவிட்டு வருவார். என்ன பொருளென்று ஓடிப்போய்ப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். பரிசளிப்புக்கு முன், சோறு சாப்பிடும் நேரத்தில், சும்மா பேச்சுக் கொடுப்பார். அப்போதுதான் எறும்பு வரும்.

பல் வைத்தியரை அவர் பிடித்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அவருக்கு அன்றைக்கு இரண்டாமிடம். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள்.

"டொக்டர், பீப்பாய்க்கிட்ட ஆடு கட்டச் சொல்லியிருந்தேனே, உங்களை முட்ட வந்திச்சா?"

"ஐயோ, இல்ல மிஸ்ஸி. அது பாட்டுக்குப் புல்லு தின்னுக்கிட்டு நின்னிச்சி."

"ரெண்டு ஆடு கேட்டிருந்தேன், எதைக் கட்டினாங்கன்னு தெரியல்ல. கறுப்பா, வெள்ளையா?"

டொக்டர் சோற்றைப் பிசைந்தபடி கொஞ்சம் யோசித்தார். "கறுப்பு. நெத்தியில மட்டும் ஒரு வெள்ளப் பொட்டு."

"கத்தினிச்சா?"

"என்னைக் கண்டதும் ஒரு தடவ கத்தினிச்சி."

மிஸ்ஸி ஒலிபெருக்கியை எடுத்தார். "எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. பீப்பாயில நான் வெச்சது எங்க வீட்டுப் பழைய சுவர்க் கடிகாரம். டொக்டருக்கு அது புல்லு தின்னிருக்கு."

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. டொக்டரின் மனைவி திறந்த சோற்றுப் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திரும்ப மூடினார். சின்ன மகன் மட்டும், "அப்பா, ஆடு எங்க?" என்று கேட்டுக்கொண்டே வாகனம்வரை போனான். அதன்பிறகு டவுனில் அவர் ஆட்டு டொக்டர். சிங்களத்தில் எளு டொக்டர். பெயர் வைத்தது யாரென்று கேட்காதீர்கள். நல்ல பெயர், அதனால் நானாகத்தான் இருக்கும். வாயைத் திறக்கச் சொன்னால் பொடியன்கள் 'மே' என்று கத்தினார்களாம். சில மாதத்தில் இடமாற்றம் கேட்டு ஊரைவிட்டே போய்விட்டார்.

"பாவமில்லையா மிஸ்ஸி?" என்றேன்.

"பாவம்தான். ஆனா நெத்தியில பொட்டு வெச்சாரு பாருங்க, அதுதான் எனக்குப் பொறுக்கல்ல."

இப்படிச் சொன்னால் அவரை ராட்சசி என்று நினைப்பீர்கள். ரிவர்ஸ்டன் ஏற்றத்தில் நாங்கள் சைக்கிள் பழகும் நாட்களில் பின்னால் ஆட்டோவில் வருவார். உச்சியில் மூடுபனிக்குள் நாங்கள் விறைத்துப்போய் நிற்கும்போது இஞ்சி போட்ட பிளேன்டீயை ஊற்றி, முதலில் ஆகக் கடைசியாக ஏறி வந்தவனுக்குத்தான் கொடுப்பார். அதாவது எனக்கு. காலில் அட்டை கடித்திருந்தால் தன் மடியில் காலைத் தூக்கி வைத்து, சவர்க்காரத் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு, அட்டைக்கும் வலிக்காமல் எடுத்துப் புல்லில் விடுவார். "அது பசிக்குக் கடிக்குது. பொய் சொல்லல்லையே" என்பார். ஒருமுறை நான் வளைவில் விழுந்து முழங்கை கிழிந்தபோது, தாயைப்போல ஊதி ஊதிக் கட்டுப் போட்டார். கட்டி முடித்துவிட்டு, "விழுந்தீங்களா, இல்ல ஏற ஏலாம நீங்களே படுத்துக்கிட்டீங்களா?" என்று கேட்டார்.

ஏன் இப்படி என்று கேட்டதற்கு ஒரேயொரு முறை பதில் சொன்னார். "வார்டில மாத்திரை குடிச்சிட்டேன்னு சிரிச்சிக்கிட்டே சொல்லுவான். தலகாணியைத் தூக்கினா கீழ எல்லா மாத்திரையும் இருக்கும். எனக்கு சிரிக்கிறவனைக் கண்டா தலகாணியைத் தூக்கணும் தம்பி." அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கோபம் இல்லை. பசி மாதிரி ஒன்று இருந்தது.

இந்த இடத்தில்தான் கண்ணாடி நானாவைச் சொல்லவேண்டும்.

நானா டவுனில் மிளகும் கராம்பும் வாங்கி விற்கிறவர். மூக்குக் கண்ணாடி போத்தல் அடி மாதிரித் தடிப்பு. லக்கலயில் இருந்தும் ரத்தோட்டையில் இருந்தும் மிளகு கொண்டுவருகிறவர்கள் அவருடைய தராசை எட்டிப் பார்க்கக்கூட மாட்டார்கள். அவர் சொன்ன நிறைதான் நிறை. அவருடைய வாப்பா காலத்திலிருந்து அப்படி. அவரை இந்தக் கூத்துக்கு இழுத்துவந்தவன் நான். சீனி வருத்தம் குறையும் என்று ஆசை காட்டினேன். ஐம்பது வயதுக்கு மேற்பட்டோர் பிரிவில் எப்போதும் நாலாமிடம் வருவார். அந்தப் பிரிவில் ஓடுகிறவர்களே நாலு பேர்தான். மகள் அதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டாள்; அங்கே எல்லோரும் சிரித்தார்களாம். "ஒருக்கா மட்டும் ஒரு கப் எடுத்துக்கிட்டு வாங்களேன் வாப்பா" என்று கெஞ்சியிருக்கிறாள். அடுத்த போட்டிக்கு அவளையும் கூட்டிக்கொண்டு வருவதாக நானா சொன்னார்.

எனக்கு ஒரு பயம். சைக்கிள்வரை நானா கண்ணாடி போட்டிருப்பார். ஓடும்போது வியர்வையில் வழுக்கி விழுகிறது என்று கழற்றிக் கொடுத்துவிட்டுத்தான் ஓடுவார். கண்ணாடி இல்லாவிட்டால் அவருக்கு மனிசனும் மரமும் ஒன்று. முன்னால் ஓடுகிறவனின் சட்டை நிறத்தைப் பிடித்துக்கொண்டு போய், தடவிப் பார்த்துப் பீப்பாயைத் தொட்டுவிட்டு வருவார். பீப்பாயில் இருப்பது என்ன என்று மிஸ்ஸி கேட்டால் என்ன சொல்வார்? நாலாமிடத்துக்காரரை மிஸ்ஸி இதுவரை கேட்டதில்லை. மூன்றாமிடம் வந்தால் கேட்பார்.

போட்டிக்கு முதல்நாள் மிஸ்ஸி என் கடைக்கு வந்தார். இலக்கத் தாள்களைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தபோது குரலைத் தாழ்த்தினார். "உங்களுக்கு மட்டும் சொல்றேன் தம்பி. நாளைக்கு சிவப்புக் குடை."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமை ஒரு பிளேன்டீ குடிக்கும் நேரம் இருந்திருக்கும். பிறகு நேரே நானாவின் கடைக்குப் போனேன்.

"நானா, சிவப்புக் குடை. மனசில வெச்சுக்கோங்க. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க."

"எனக்கு எதுக்கு தம்பி இது? நான் ஓடத்தானே போறேன்."

"ஓடுங்க. ஆனா உங்களுக்குக் கண்ணு தெரியாதே. கேட்டா என்ன சொல்லுவீங்க?"

நானா யோசித்தார். பிறகு தலையாட்டினார்.

விடியற்காலை நீர்த்தேக்கத்துக்கு நான்தான் மிஸ்ஸியைக் கூட்டிப் போனேன். அவருடைய பையில் ஒரு பலாப்பிஞ்சும் கத்தியும் இருந்தன. "மத்தியானம் பொலஸ் கறி ஆக்கலாம்னு" என்றார். என்னை இறக்கிவிட்டு, அதே ஆட்டோவில் தனியாகப் பீப்பாய்க்குப் போனார். எனக்கு அன்றைக்குச் சைக்கிள்களைக் காவல் காக்கும் வேலை. காற்சட்டைச் சம்பவத்துக்குப் பிறகு கழகம் என்னை அதிகம் தண்ணீரில் இறக்குவதில்லை.

நானா அன்றைக்குப் பேய் மாதிரி ஓட்டினார். சைக்கிளை என் கையில் எறிந்துவிட்டு, கண்ணாடியை மகளிடம் கொடுத்துவிட்டு, மஞ்சள் சட்டைக்காரன் ஒருவனைத் துரத்திக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது மூன்றாமிடம். மகள் குதித்த குதிப்பில் பந்தல் ஆடியது. மிஸ்ஸி முடிவுக் கோட்டில் நின்று, வந்து சேர்ந்த ஒவ்வொருவருக்கும் கைகொடுத்தார். நாடி பிடிக்கிறவர் போலக் கொஞ்சநேரம் பிடித்துவைத்து விட்டார். எல்லார் கையும் ஜெல்லும் வாழைப்பழமும் வியர்வையுமாகப் பிசுபிசுத்தது. நானாவுக்கும் கொடுத்தார். "நல்லா ஓடினீங்க நானா" என்றார்.

மத்தியானச் சோற்றில் பொலஸ் கறி இல்லை. அதை நான் அப்போது கவனிக்கவில்லை.

"நானா, ஒண்ணுமில்ல, சும்மா கேக்கிறேன்" என்று மிஸ்ஸி தொடங்கினார். எறும்பின் குரல். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். "பீப்பாய்க்கு மேல என்ன தொங்கினிச்சி?"

நானா மகளின் குரல் கேட்ட பக்கம் திரும்பிச் சிரித்தார். சரியாகப் படித்துவந்த பிள்ளையின் சிரிப்பு. "சிவப்புக் குடை மிஸ்ஸி."

ஓடிவிட்டு வந்திருந்த அத்தனைபேரும் ஒன்றாகச் சிரித்தார்கள். அவர்கள் கண்டது சிவப்பு வாளி. பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துக் கட்டியிருந்தாராம்.

"நான் தொட்டேன் மிஸ்ஸி" என்றார் நானா. சிரிப்பு அவர் முகத்தில் இன்னும் மீதி இருந்தது. "சிவப்பாத்தான் தெரிஞ்சிச்சி. கண்ணாடி இல்லாம எனக்கு..."

"கண்ணாடி இல்லாம குடைன்னு எப்பிடித் தெரிஞ்சிச்சி? யாரு சொன்னது?"

நானா என்னைத் தேடினார். கண்ணாடி இல்லையே, நான் இருந்த பக்கத்தை விட்டுத் தண்ணீர்த் தாங்கியைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். அவர் சொல்லமாட்டார் என்று தெரிந்ததும் நான் எழுந்தேன்.

"நான்தான் மிஸ்ஸி சொன்னேன்! அவருக்குக் கண்ணு தெரியாதுன்னுதான் சொன்னேன். அவரு களவு செய்யிற ஆளு இல்ல."

ஒரு மனிதனைக் காப்பாற்ற இதைவிட முட்டாள்தனமான வழி இருக்கிறதா என்று நீங்களே யோசியுங்கள். மிஸ்ஸி ஒலிபெருக்கியை எடுத்தார்.

"கேட்டுக்கிட்டீங்களா? பரீட்சைக்கு முதல்நாளே விடை போயிருக்கு. பாவம், விடைதான் பிழை."

பின்னாலிருந்து எவனோ கத்தினான். "நாளைக்குத் தராசையும் ஒருக்காப் பாருங்கடா!"

சிரிப்பிலேயே பெரிய சிரிப்பு அதுதான். மூன்றாமிடத்துக் கப் நாலாமிடத்துக்குப் போனது. வாங்கியவர் வெட்கப்படாமல் வாங்கினார். மகள் நடுவே நடந்துவந்தாள். சந்தோஷத்தில் திருப்பிக் கொடுக்க மறந்து இவ்வளவு நேரமும் கையிலேயே வைத்திருந்த கண்ணாடியைத் துடைத்து வாப்பாவின் முகத்தில் மாட்டிவிட்டாள். அதுவரை நானாவுக்குச் சத்தம் மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தது. இப்போது சிரிக்கிற ஒவ்வொரு முகமும் தெளிவாகத் தெரிந்தது. அதில் பாதிப்பேர் அவருக்கு மிளகு விற்கிறவர்கள்.

திரும்பும்போது நானா மிளகு மூட்டை ஏற்றும் வானில் நான் முன்னால் உட்கார்ந்தேன். நாலந்தைப் பக்கம் வந்ததும் வானை நிறுத்தி, நானா பின்னால் கையை நீட்டி மகளின் கையைப் பிடித்தார்.

"மகள், வாப்பா போனேன். அல்லாஹ் மேல ஆணையாப் போனேன்."

அவள் கையை இழுத்தாள். வரவில்லை. இன்னொரு தடவை இழுத்தபோது தோலோடு பிய்கிற மாதிரி வந்தது. "சீ, ஒட்டுது வாப்பா" என்று சொல்லிவிட்டு, கையைக் கவுனில் துடைத்துக்கொண்டு சன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

நான் நானாவின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தேன். வெள்ளையாகப் படர்ந்து, அழுக்குப் பிடித்து, நூல் நூலாக இழுத்தது. ஜெல் என்றால் தண்ணீருக்குப் போயிருக்கும். மோந்து பார்த்தேன். பலாப்பால். காலையில் பையில் இருந்த பிஞ்சு ஞாபகம் வந்தது. வராத பொலஸ் கறியும் வந்தது. மிஸ்ஸி பீப்பாயின் விளிம்பில் பலாப்பால் பூசியிருக்கிறார். ஓடியவர்கள் எல்லோரும் பார்த்தது வாளி. ஒருவருக்கும் தெரியாமல் எல்லோர் கையிலும் ஒட்டியது இது. தொடாதவன் கையில் இது வராது.

"நானா, கையைக் கழுவாதீங்க!" என்று கத்தினேன். "மிஸ்ஸிகிட்ட போவோம், வாங்க!"

நானா ஸ்டியரிங்கில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீங்க போங்க தம்பி. நீங்க பேசினது எனக்குப் போதும்."

மாத்தளையில் இறங்கி நேரே மிஸ்ஸியின் வீட்டுக்கு ஓடினேன். வாழ்க்கையில் நான் ஒழுங்காக ஓடிய ஒரே ஓட்டம் அது. அவர் முற்றத்தில் கதிரை போட்டு, கிண்ணத்தில் தேங்காய் எண்ணெய் வைத்து, விரல் விரலாகத் தேய்த்துத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். மூச்சு வாங்குகிறதே, பிளேன்டீ போடவா என்று கேட்டார்.

"மிஸ்ஸி, நானா போயிருக்காரு! அவரு கையில பலாப்பால் இருக்கு, நான் என் கண்ணால பாத்தேன். பீப்பாயைத் தொட்டிருக்காரு மிஸ்ஸி. உங்க ஒலிபெருக்கியிலேயே சொல்லிடுங்க, இல்லாட்டி நாளைக்கு ஒருத்தனும் அவரு கடையில மிளகு போடமாட்டான். அந்தப் புள்ள அவரு முகத்தைப் பாக்குதில்ல. அவரு போயிருக்காரு!"

மிஸ்ஸி சுண்டுவிரலைத் துடைத்து முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"தெரியும் தம்பி, நான்தானே அவருக்குக் கை குடுத்தேன்."